போத்தலில் ஒளிர்ந்த சிவப்பு

1. குருநகர் மீனவர் ஒருவருக்குத் தீராத வயிற்றுவலி. வலைக்கு ஈயக்குண்டு உருக்கும் வீடு என்பதால், ஈயம் உடம்பில் ஏறியிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகித்தார்.
2. அவருடைய சிறுநீர் என்று சொல்லி, மனைவி பிலோமினா எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தார்.
3. மருந்து சேர்த்து, இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ் வைத்தேன். அது தணல் போலச் சிவந்து ஒளிர்ந்தது.

ஆறு மாதக் கர்ப்பிணியான பிலோமினாவை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.

"உதென்ன, பேய் விளக்கோ தங்கச்சி?" என்று சிரித்தார். அந்த வெளிச்சத்தில் முகம் மறைந்து, பற்கள் மட்டும் நீலமாக மிதந்தன.

"ஈயம் ஏறினால் இப்பிடித்தான் சிவக்கும், அக்கா. அண்ணையை உடனை ஆஸ்பத்திரி வாட்டிலை விடவேணும்."

பற்கள் மறைந்தன.

"அவருக்குப் போத்தல் எண்டால் வெக்கம். ஒரே வீடு, ஒரே சோறுதானே எண்டு என்ரையைத்தான் கொண்டுவந்தனான்."

"குண்டை வலையிலை ஆர் இறுக்கிறது?"

"நான்தான். பல்லாலை கடிச்சு."

சொல்லிவிட்டு வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். விளக்கை அணைத்த பிறகும் அந்தச் சிவப்பு என் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் கணவரின் சிறுநீர் வந்தது, அது ஒளிரவில்லை; அவருடைய வலிக்குக் காரணம் ஈயமல்ல. அன்றுவரை, போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர்தான் நோயாளி என்று நம்பியிருந்தேன். இப்போது யார் வந்தாலும், வீட்டில் ஈயத்தைத் தொடுவது யார் என்றும் கேட்கிறேன்.

பிலோமினா வாட்டில் இருக்கிறார். வீட்டில் கணவர் குறட்டால் குண்டு இறுக்குகிறார். புதிதாக வரும் பிலோமினாவின் போத்தல்களில் சிவப்பு மங்கி வருகிறது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை.