கரண்ட் போனாலும் போகாத நகல்

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். புரோகிராம் அடிக்க நாங்கள் பயன்படுத்திய எடிட்டர் மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் அதில் புது வசதி சேர்த்து அனுப்பலாம். கரண்ட் போய்ப் போய் எழுதியது அழிந்ததால், தானாகவே நகல் எடுத்து வைக்கும் ஒரு பிளக்-இன் எழுதி, ஆபீஸ் மெஷின்கள் எல்லாவற்றிலும் போட்டுவிட்டு, எடிட்டரை நடத்துபவர்களுக்கும் அனுப்பினேன்.

'அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்காக இதையெல்லாம் சேர்க்க முடியாது' என்று வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. யாரிடமும் மரியாதை குறையாமல் பேசும் எங்கள் மேனேஜர் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார்.

"ஏனுங்க அம்மணி, நம்மூரு மானத்தைக் கப்பலேத்திப்போட்டீங்களே. எல்லா மெஷின்ல இருந்தும் அதை எடுத்துப்போடுங்க."

ஆபீஸே சிரித்தது. எடுத்தேன். அவர் மெஷினில் மட்டும் எடுக்க மறந்துபோனேன்.

அடுத்த வாரம், பெருந்துறை மில்லுக்கு அன்று மாலையே கொடுக்க வேண்டிய புரோகிராமை அவர் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"காலையிலிருந்து செஞ்சதுங்க அம்மணி. எங்கயாச்சும் இருக்குதுங்களா, கொஞ்சம் பாருங்க."

அதற்குள் மில்லிலிருந்து போன் வர, முன்னறைக்கு ஓடினார். நான் தேடினேன். கடைசி வரி வரை நகல் பத்திரமாக இருந்தது. அதை அழித்தேன்.

திரும்பி வந்தவரிடம் சொன்னேன்: "நீங்கதானுங்க அந்த பிளக்-இன்னை எடுக்கச் சொன்னீங்க. எடுத்துப்போட்டேனுங்க."

அவரைப் போலவே, மரியாதை துளியும் குறையாமல்.

வருத்தம் வரும் என்று பல வருடம் காத்திருந்தேன். வரவேயில்லை.