வராது என்று விட்ட பாடம்

ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் மட்டும் கோட்டை விட்டவள் நான். மற்றப் பாடமெல்லாம் சித்தி. மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டே சில வருடம் கழித்து மறுபடியும் எழுத விண்ணப்பித்தேன். தாதிப் பயிற்சி ஒன்றில் சேர ஆசை, அதற்கு விஞ்ஞானம் கட்டாயம் வேண்டும் என்றுவிட்டார்கள். அந்தப் பாடத்தை நான் படித்து முடித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, டியூஷனில் அல்ல, ஆஸ்பத்திரியில் என் அண்ணனின் டயலிசிஸ் கட்டிலுக்குப் பக்கத்தில்.

அண்ணன் தண்ணீர் மோட்டார் திருத்துகிறவர். வில்கமுவப் பக்கம் வயல்களுக்குப் போய் நாள் கணக்கில் தங்கி வேலை செய்வார். இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது தெரிந்தபோது அவருக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அங்கே குடித்த கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் சிலர், வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார்கள் வேறு சிலர். டாக்டர்மார் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. காரணம் எதுவானாலும் வாரத்தில் சில நாட்கள் அவரை அந்த மெஷினோடு கட்டிப்போட வேண்டியிருந்தது. கூடப் போவது நான்.

இடது கையில் ஊசி. அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடந்தது. சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. என் பழைய வினாத்தாள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் நாளே என் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. நான் படித்திருந்தது விஞ்ஞானத்தை அல்ல, விடை இலக்கத்தை. அந்த வருடத்துத் தாளில் ஆர்முடுகல் கேள்விக்கு மூன்று, இந்த வருடத்தில் அமிலக் கேள்விக்கு ஒன்று, இப்படி. எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் படிப்பார்கள். அண்ணன் விடைகளை இடம் மாற்றி வாசித்தார். நான் பெருமையாக "மூணு" என்றேன். அவர் மூன்றாவதாக வாசித்திருந்தது, தானே நடுவில் செருகிய ஒரு மரக்கறியின் பெயர். கட்டிலில் கிடந்தபடி அவர் சிரித்த சிரிப்பில் தாதி மிஸ் ஓடிவந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஏமாற்ற வழியில்லாமல் போயிற்று. அமுக்கம், மின்சுற்று, தாவரத்தின் இழையங்கள் என்று ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தார். தெரியாவிட்டால் திட்ட மாட்டார், அதே கேள்வியை அடுத்த முறை வேறு மாதிரிக் கேட்பார். அதற்குத் திட்டுவதே மேல்.

ஆனால் மனித உடல் பகுதி வந்ததும் சமிபாடு கேட்டார், சுவாசம் கேட்டார், குருதிச் சுற்றோட்டம் கேட்டார், பிறகு இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டுக் கண்ணுக்குப் போய்விட்டார். கழிவகற்றலை விட்டுவிட்டீர்களே என்றேன். போன முறை வந்துவிட்டது, இந்த முறை வராது என்றார். டியூஷன் சேர்மார் சொல்கிற கணக்குதான் அது. போன வருடம் வந்ததை விட்டுவிட்டு வராததைப் படிக்கச் சொல்வார்கள், நாங்களும் பாடத்தையே கைகழுவுவோம். அண்ணன் விட்டதற்கு அது காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். சிறுநீரகம் வருகிற பாடம் அது.

எனக்கும் அவருக்கும் ஒரே இரத்த வகை. என் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அம்மா அழுதார். அம்மாவுக்கு வயதும் சீனி வருத்தமும், அவரிடம் எடுக்க முடியாது. மகனையும் காப்பாற்ற வேண்டும், மகளையும் வெட்டக் கூடாது, பாவம் அவர் என்ன சொல்வார்? அண்ணன் வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அன்றைக்கு அவரால் எழுந்து போக முடியாது, கையில் ஊசி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தைப் பிடுங்கி, அவர் தாண்டிப்போன பக்கத்தைத் திறந்து நான் கேட்டேன்.

"நல்லா இருக்கிற ஒருத்தருக்கு ஒரு சிறுநீரகத்த எடுத்துட்டா, உயிரோட இருப்பாரா, இருக்க மாட்டாரா?"

அவர் குழாயில் ஓடுகிற தன் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருப்பாரு. ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. தழும்போட போய் நிக்கிற பொண்ண எவன் கட்டுவான்? அந்தக் கேள்வி எந்தப் பேப்பர்லயும் வராது."

"கட்டாதவன் போகட்டும். எனக்கு அண்ணன் நீங்க ஒருத்தர்தான்."

அவருக்குக் கண் கலங்கியது. கடைசியில், முதலில் பாஸ் பண்ணு, அப்புறம் பேசுவோம் என்றார். பெறுபேறு வர மாதக்கணக்காகும், அதற்குள் நான் மனம் மாறிவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் பாஸ் பண்ண மாட்டேன் என்றும் நினைத்திருக்கலாம்.

பரீட்சையில் சேர்மாரின் கணக்குத் தப்பவில்லை. சிறுநீரகம் வரவே இல்லை, கண்தான் வந்தது. பெறுபேறு வருவதற்குள் அண்ணன் பாதியாகிவிட்டார். கால் வீங்கியது, படி ஏறினால் மூச்சு வாங்கியது, வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் நான் பயந்தேன்.

பெறுபேறு வந்த அன்று அவர் மெஷினில் இருந்தார். ஃபோனை நீட்டினேன். விஞ்ஞானத்துக்குத் திறமைச் சித்தி, வெறும் பாஸ் இல்லை. வாங்கிப் பார்த்தார், திரையைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தார். நல்லது என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் வந்த மிஸ்ஸைக் கூப்பிட்டு, தங்கச்சியை டெஸ்டுகளுக்கு எப்போது கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார்.

அத்தனை மாதம் வாதாடிய எனக்கு அந்த நிமிடம் வாய் வறண்டுபோனது. வெட்டப்போவது என் வயிற்றை. மிஸ் என்னைப் பார்த்து, எந்த நாள் வசதி என்று கேட்டார். அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடம் விடுகிறார் என்று புரிந்தது.

எந்த நாளானாலும் சரி என்றேன் மிஸ்ஸிடம். என் குரல் நடுங்கியது அண்ணனுக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பாமலே, ஊசி இல்லாத கையை என் பக்கம் நீட்டினார்.