கதவோரம் நின்ன கெட்டிக்காரி

எங்க வீட்டுல மூணு பிள்ளைங்க. அண்ணன் மனசுக்குள்ள கணக்குப் போட்டா தமிழ்ல போடுவான். தங்கச்சியும் தமிழ்லதான். நடுவுல பொறந்த நான் மட்டும் இங்கிலீஷ்ல போடுவேன், அதுவும் அரைகுறையா. "செவன் எய்ட்ஸ் ஆர்..." னு ஆரம்பிச்சுட்டு முழிப்பேன். பக்கத்து ரூம்ல இருந்து அண்ணன், "ஏழெட்டு ஐம்பத்தாறுடி, மக்கு!" னு கத்துவான். ஒரே அப்பா, ஒரே அம்மா, பாகான் டாலாம்ல ஒரே வீடு, ஒரே தமிழ்ப்பள்ளி. அப்புறம் ஏன் இப்படின்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட ஒரு பதில்தான் இருக்கு. நாங்க மூணு பேரும் ஒன்னாம் வகுப்புல சேர்ந்தப்போ நடப்புல இருந்த உத்தரவு வேற வேற.

நான் சேர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான், அப்ப இருந்த பிரதமர் ஒரு முடிவு எடுத்தாரு. கணக்கும் அறிவியலும் இனிமே எல்லாப் பள்ளியிலயும் இங்கிலீஷ்ல. நாடு முன்னேறணுமாம், உலகத்தோட போட்டி போடணுமாம். எங்கப்பா துறைமுகத்துல லாரி ஓட்டினவரு. "பெரிய மனுஷன் சொன்னா சும்மாவா சொல்லுவாரு? எம்பொண்ணு இனி வெள்ளைக்காரி மாதிரி பேசுவா" ன்னு கடையில, கோயில்ல, போற வர்ற எடத்துல எல்லாம் பெருமை அடிச்சாரு. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் 'ஸ்டாப்', 'ரிவர்ஸ்', 'ஓகே பாஸ்'. பிள்ளைக்கு அதுக்கு மேல கெடைக்கும்னு சொன்னா எந்தத் தகப்பன் வேணாம்பான்?

எங்க கணக்கு டீச்சர் பாவம். தமிழ்ல கணக்குச் சொல்லிக் குடுத்தா அவங்கள அடிச்சுக்க ஆளில்ல. அவங்க கையில ஒரு லேப்டாப்பையும் சிடியையும் குடுத்துட்டு, நாளையில இருந்து இங்கிலீஷ்ல நடத்துன்னா என்ன பண்ணுவாங்க? சிடி பேசும். நாங்க வாயப் பொளந்துட்டு உக்காந்திருப்போம். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துட்டு டீச்சர் லேப்டாப்ப மூடிடுவாங்க. "சரி, கதவச் சாத்துங்க" ம்பாங்க. அப்புறம் ஓடும் பாருங்க பாடம், சுத்தத் தமிழ்ல, ஆத்து வெள்ளமா.

ஆனா கல்வி இலாகாவுல இருந்து அதிகாரிங்க சொல்லாம கொள்ளாம வருவாங்க. தமிழ்ல நடத்துறது தெரிஞ்சா டீச்சருக்குத்தான் வம்பு. அதனால கதவோரத்துல ஒரு பிள்ளைய காவலுக்கு நிறுத்தினாங்க. யாரை? என்னை. "நீ கெட்டிக்காரி, ஒரு தடவ பார்த்தாலே உனக்குப் புரிஞ்சிரும். மத்த பிள்ளைங்க பாவம், உக்காந்து கேக்கட்டும்." யாராவது வராண்டாவுல வந்தா நான் சத்தமா, "மே ஐ கோ அவுட், டீச்சர்?" னு கேக்கணும். அதுதான் சிக்னல். உடனே டீச்சர், "ஓகே க்ளாஸ், லிசன்" னு மாறிடுவாங்க.

எனக்கு ஒரே பெருமை. பின்னம் நடத்தின அத்தனை நாளும் கதவு இடுக்கு வழியா வராண்டாவப் பார்த்துட்டே நின்னேன். முதுகுக்குப் பின்னாடி டீச்சர் ரொட்டி சானாய நாலாப் பிக்கிற கதை சொல்லுவாங்க, பிள்ளைங்க சிரிக்கும், "ஆங், புரிஞ்சிருச்சு டீச்சர்!" னு கத்தும். எனக்குப் புரியல. கெட்டிக்காரி புரியலன்னு எப்படிச் சொல்றது? வாய மூடிக்கிட்டேன். சிடியில வந்த இங்கிலீஷ் வார்த்தைய எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் பண்ணேன். 'டினாமினேட்டர்' னு எழுதச் சொன்னா ஒரு எழுத்து பிசகாம எழுதுவேன். அது என்னன்னு கேட்டா எந்த மொழியிலயும் தெரியாது.

நான் ஆறாம் வகுப்பு முடிச்சு ஃபார்ம் ஒன் போறப்போ நாட்டுல வேற பிரதமர். இங்கிலீஷ் திட்டம் சரிவரல, பழையபடியே மாத்துறோம்னுட்டாங்க. எவ்வளவு லேசாச் சொல்லிட்டாங்க! தப்பா வாங்கிட்ட சட்டைய கடையில திருப்பிக் குடுக்குற மாதிரி. அந்த வருஷம் ஒன்னாம் வகுப்புல சேர்ந்த என் தங்கச்சி, அண்ணன் மாதிரியே தமிழ்ல வாய்ப்பாடு பாடிக்கிட்டு வந்தா. எனக்கோ இடைநிலைப்பள்ளி. பரீட்சைத் தாள் ரெண்டு மொழியிலயும் வரும், வகுப்புல ஆசிரியர் பேசுறது தேசிய மொழி மலாய். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். நர்ஸ் ஆகணும்னு கெடந்தேன். கடைசிப் பரீட்சையில மத்ததெல்லாம் தேறிச்சு, கணக்குல மண்ணக் கவ்வினேன். கணக்கு இல்லாம நர்சிங்ல சேர்க்க மாட்டாங்க.

இப்ப ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அட்டெண்டரா இருக்கேன். கட்டில் தள்ளுறேன், பெட்ஷீட் மாத்துறேன், நோயாளிக்குக் குழாய் வழியா ஊத்துற பாலக் கலக்குறேன். புதுசாச் சேர்ந்த சின்னப் பொண்ணு ஒரு நர்ஸ், "அக்கா, அந்த டப்பாவுல எட்டுல மூணு பங்கு போதும்" னா. கையில டப்பாவோட நின்னேன். அவ புரிஞ்சுக்கிட்டு, ஒண்ணும் சொல்லாம தானே வாங்கி ஊத்திட்டுப் போனா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பாத்ரூம்ல போய் அழுதேன், அவமேல கோவமில்ல. வர்ற ஒவ்வொரு தலைவருக்கும் இந்த நாடு எப்படி இருக்கணும்னு ஒரு ஆசை. ஒருத்தருக்கு உலகம் மெச்சுற நாடாகணும், இன்னொருத்தருக்கு தேசிய மொழியில ஒண்ணாகுற நாடாகணும். ரெண்டும் நல்ல ஆசைதான், நான் இல்லங்கல. ஆனா அத மாத்தி மாத்தி எழுதிப் பார்க்க ஏழு வயசுப் பிள்ளைங்க நாக்குதான் கெடைச்சுதா? பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது.

இந்த வருஷம் என் மகளுக்கு முறை வந்துச்சு. நாங்க இப்ப சுங்கை பினாங் ஃபிளாட்டுல இருக்கோம். தமிழ்ப்பள்ளியில இருந்து ஒரு ஃபாரம் வந்துச்சு. கணக்கும் அறிவியலும் தமிழ்லயா, இங்கிலீஷ்லயா, பெத்தவங்களே முடிவு பண்ணிக் கையெழுத்துப் போடணும். கூட்டத்துல நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், இப்ப இங்கிலீஷ்னு போடுறேன். என் பிள்ளை ஃபார்ம் ஒன் போறப்பவும் இதே இருக்குமா?" தலைமையாசிரியர் நல்ல மனுஷன், பொய் சொல்லல. "அத என்னால எப்படிம்மா சொல்ல முடியும்?" ன்னாரு. அப்படின்னா, நாளைக்கு எது மாறினாலும் அடிப்படையாவது புரிஞ்ச மொழியில நிக்கட்டும், தமிழ்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஆனா இருக்குறது ஒரே வகுப்பு. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் இங்கிலீஷ்ல நடத்த முடியும்னு அவரு சொன்னாரு.

அவ்வளவுதான், புடிச்சுது சனியன். மத்தவங்க எல்லாரும் இங்கிலீஷ். நான் ஒருத்திதான் பாக்கி. என் புருஷனே, "சும்மா போட்டுக் குடு லா, ஊரோட ஒத்துப் போவோம்" னாரு. ஏழாவது மாடி அக்கா, அவங்க மகனும் என் மகளோட வகுப்புதான், லிஃப்டுல என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. நாலு பேர் இருக்காங்கன்னுகூடப் பார்க்கல. "நீ படிக்க முடியாமப் போனதுக்கு எங்க பிள்ளைங்க என்னம்மா பண்ணும்? உன் ஒருத்தியால பதினெட்டுப் பிள்ளைங்க வாழ்க்கை வீணாப் போகணுமா?" வீட்டுக்கு வந்து பாத்திரத்த எல்லாம் போட்டு உருட்டினேன்.

மறுநாள் காலையில மகளைப் பார்த்தேன். ஷூ லேசக் கட்டத் தெரியாம உக்காந்திருந்தா. அம்மா வீம்புல, ஒரு வகுப்பே இவள மொறைச்சுப் பார்க்குமே, இவகூட எந்தப் பிள்ளை வெளையாடும்? அந்த ஒரு நெனப்புதான். இங்கிலீஷ்ங்கிற கட்டத்துல டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். என் மேலயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அன்னைக்கு மத்தியானமே பெற்றோர் வாட்சப் குரூப்ல வந்துச்சு: "பெற்றோர் அனைவரும் ஒருமனதாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துள்ளனர். வாழ்த்துகள்." கீழ வரிசையா கைத்தட்டல் படம். வார்டுல நின்னுக்கிட்டே டைப் பண்ணேன். "ஒருமனதாகன்னு போடாதீங்க. என் மனசு அதுல இல்ல. நான் பயந்து போட்ட கையெழுத்து அது."

கைத்தட்டல் நின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஏழாவது மாடி அக்கா எனக்கு மட்டும் தனியா அனுப்புனாங்க. "எனக்கும் பயம்தான்மா. எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. நாளைக்கு இவன் சந்தேகம் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? குரூப்ல போட்டுறாத."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அப்புறம் எதுக்குக்கா லிஃப்டுல என்னை அந்தக் கிழி கிழிச்சீங்க?" னு கேட்டேன்.

"எல்லாரும் இங்கிலீஷ்னு சொன்னாங்க. எம்பிள்ளை மட்டும் தனியா நின்னுருமோன்னுதான்" னு பதில் வந்துச்சு.