தண்டவாளம் இல்லாத நிலையத்தில்

இத்தாலியில், பலெர்மோவுக்கு வெளியே, மலையடிவாரத்தில், பழைய ரயில் பாதையில் சைக்கிள் மிதிக்கிறேன். தண்டவாளத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள். கைவிடப்பட்ட நிலைய மேடையில் ஒரு தமிழர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கைபேசியைப் பார்த்தபடி இருக்கிறார்.

"அம்மான்ரை செத்தவீடு. இஞ்சை இருக்கிற விசா, பெர்மெஸ்ஸோ, இன்னும் கையிலை இல்லை; போனா திரும்பி வரேலாது. வீட்டிலை தனிய இருந்து பாக்கேலாமல் வெளிக்கிட்டிட்டன். கொஞ்சநேரம் இருங்கோ."

பக்கத்தில் உட்காருகிறேன். திரையில் நேரலையாக யாழ்ப்பாணத்துத் தெரு, பறைமேளம், பாடை. ஊர்வலம் திடீரென நிற்கிறது. ரயில் கடவை மூடியிருக்கிறது.

"கேற்றுக்கு அங்காலை சுடலைதான்," என்கிறார்.

ரயில் கூவிக்கொண்டு வருகிறது. அவர் கைபேசியை முகத்தருகே கொண்டுபோய், பாடையை மட்டும் பார்க்கிறார். கடைசிப் பெட்டியும் போகிறது. கடவை திறக்கிறது.

"இன்னும் கொஞ்சம் நீட்டு ரயிலா வந்திருக்கலாம்," என்கிறார்.