வாடகைக் காதலன்

தலவாக்கலை தாண்டினதும் பஸ் நின்னுபோகுது. பக்கத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்குற கொட்டகையில நாடக ஒத்திகை நடக்குது. வேடிக்கை பாக்க எறங்குறேன்.

நாடகம் பழக்குற பள்ளிக்கூட மாஸ்டர் என்கிட்ட ஓடி வர்றார். "ஐயா, கதாநாயகன் குமாருக்குக் கொழும்புல வேலை. நாடகத்தன்னைக்குத்தான் வருவான். அவன் வசனத்தை நீங்க கொஞ்சம் வாசிங்களேன்."

பழைய காதல் காமெடி. தூங்குறவ கண்ணுல மந்திரச் சாறு விட்டா, முழிச்சதும் பாக்குற முதல் ஆள்மேல காதல் வந்துடும். கதாநாயகி மலர், கொழுந்து பறிக்கிற பொண்ணு. முழிச்சு என் வழுக்கையையும் தொப்பையையும் பாக்குறா. "மாஸ்டர், சாறு பத்தாது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க!"

நான் தாளைப் பாத்து உருகுறேன்: "கண்ணே, சொந்தக் காணியில உனக்கு வீடு கட்டித் தாறேன்!"

கொட்டகையே சிரிப்புல அதிருது. எனக்குள்ள இப்படி ஒரு நடிகனான்னு நானே அசந்துபோறேன்.

"உங்க நடிப்புக்குச் சிரிக்கலீங்க," மலர் சொல்றா. "எலெக்சனுக்கு எலெக்சன் இதே வசனத்தைத்தான் கேக்குறோம். என்னைக் கட்டிக்கப்போற இந்தக் குமாரும், வீடு கெடைச்சாத்தான் கல்யாணம்னு நாலு வருசமா சொல்றாரு."

குமாருக்கு அனுப்ப மாஸ்டர் எல்லாத்தையும் போன்ல புடிச்சுக்கிட்டே இருக்கார். மலர் நேரா அந்தப் போனைப் பாத்து, தாள்ல இல்லாததைப் பேசுறா. "வீடு வர்றப்ப வரட்டும். அதுக்குள்ள எனக்குக் கெழடு தட்டிரும். தோட்டத்து லயத்துல இப்ப இருக்குற ஒத்தைக் காம்பராவுலயே குடும்பம் நடத்துவோம். வர்ற தையில தாலி கட்டுறீங்களா, இல்லையா?"

எனக்குக் கண்ணு கலங்கிப்போகுது.

"கட்டுறேன்"ங்கிறேன்.

"ஐயா," மாஸ்டர் மெதுவா சொல்றார், "அதை உங்ககிட்ட கேக்கல."