பிறந்த ஊர்த் தண்ணீரில் கலக்க வேண்டிய சூரணம்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் மாமியார் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆடிக்குக்கூட அனுப்பவில்லை. மதுரையிலிருந்து எங்கள் ஊர் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மாவைப் பார்க்காத ஏக்கத்தில் சோறு இறங்காமல் நான் துரும்பாக இளைத்துப்போனேன். நான் இளைத்தது மாமியாருக்குத் தெரிந்தது, ஏன் இளைத்தேன் என்பதுதான் தெரியவில்லை. அரிசிக்கே தாளம் போட்ட யுத்த காலம் அது. ஆனாலும் திருப்பரங்குன்றத்துக்குச் சாமி கும்பிடப் போனவர், கடைவீதியில் ஒரு டப்பா புஷ்டிச் சூரணம் வாங்கி வந்துவிட்டார்.

"ஏத்தா, நீதான் அஞ்சாப்பு படிச்சவளாச்சே. இதுல என்ன போட்டிருக்குன்னு வாசி."

லேபிளில் ஒரு மீசைக்காரப் பயில்வான் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றார். ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, முடி உதிர்வது, பிள்ளை தங்காதது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே மருந்தாம். தங்க மெடல் வேறு வாங்கியிருக்கிறதாம். போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்ற புத்திமதியும் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் போடவில்லை. அதைக் கேட்பாரும் கிடையாது. மாமியார் கேட்டது வேறு.

"பத்தியம் என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலத்தை."

"பத்தியமில்லாத மருந்து ஒரு மருந்தா? நல்லாப் பாரு."

அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து மட்டும் வரும். பயில்வானின் காலடியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். "பொம்பளைங்க இதை... பிறந்த ஊர்த் தண்ணியிலதான்... கலக்கிக் குடிக்கணும்."

"அப்படிச் சொல்லு! இதுல்ல மருந்து!" என்றார் மாமியார். நான் மனசுக்குள் டிரங்குப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறியது நானல்ல, என் கொழுந்தன். கையில் குடம். "வாரேன் மதினி. எம்புட்டுத் தண்ணி வேணும்?" என்று என்னிடமே கேட்டான், பாவி.

சாயங்காலம் தண்ணீர் வந்தது. குடத்தின் வாயை அம்மா தன் பழைய சேலைத் துணியால் கட்டி அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மருந்துக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து, மாமியார் அதட்டியே குடிக்க வைத்தார்.

மறுநாள் முழுக்க வயிறு கடமுடாவென்று உருண்டது. கொல்லைக்கு நடந்தே கால் ஓய்ந்துபோனது.

"சூரணம் சரியில்லத்தை."

"அச்சடிச்சு ஒட்டுன மருந்து தப்புப் பண்ணுமா? எல்லாம் உங்க ஊர்த் தண்ணி பண்ற வேலை. கொண்டுபோய்க் கொட்டு. இனிமே அந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்காத."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொட்டினேன், சூரணத்தை. தண்ணீரை அடுக்குப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தினமும் ஒரு டம்ளர் வெறுமனே குடித்தேன். அம்மா பக்கத்தில் இருப்பது போல இருந்தது. வயிறு ஆறியது, சோறு இறங்கியது, கன்னமும் கொஞ்சம் உப்பியது.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் கண்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். "பாத்தீகளா, அந்த ஊர்த் தண்ணிய நிறுத்துனதும் மருந்து எப்படிப் புடிக்குதுன்னு!"

குடத்துத் தண்ணீர் தீர்ந்த அன்று, அடுத்த டப்பாவோடு வந்து நின்றார்.