சுகந்தியின் பல்லுக்கு நான் எழுதிய விலைத்தாள்

அன்றைக்கு ரிசப்ஷனில் மூன்று பேர் இருந்தோம். நான், சுகந்தி, சுகந்தியின் அம்மா பரமேஸ்வரி. டாக்டர் இல்லை. காலையில் சுகந்தியின் வாயைப் பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு, மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று கிளம்பிப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

ஊட்டி மார்க்கெட்டுக்கு மேலே உள்ள இந்தப் பல் கிளினிக்கில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். என் வேலைக்கு ட்ரீட்மென்ட் கோஆர்டினேட்டர் என்று பெயர். டாக்டர் சொல்லும் சிகிச்சையைப் புரியும்படி விளக்கி, என்ன செலவு, எத்தனை முறை வர வேண்டும் என்று சொல்வதுதான் வேலை. போன மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். "உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க தினேஷ், அவங்களுக்கு உதவும்" என்றார் டாக்டர். நல்லபடியாக முடிந்த கேஸ்கள் நிறைய உண்டு. ஆனால் நீங்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

1. கம்பேர் ஷீட்

நம் மலையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் விசா வந்ததும் பல்லைக் காட்ட வருவார்கள். அங்கே பல் வைத்தியத்துக்கு வீடு நிலத்தையே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முன்னால் போனவர்கள் பயமுறுத்தி வைத்திருப்பார்கள். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டதால் நானே ஒரு தாள் தயாரித்தேன். இடது பக்கம் சிகிச்சையின் பெயர், நடுவில் எங்கள் ரேட், வலது பக்கம் அந்த நாட்டு ரேட். அங்கே உள்ள கிளினிக்குகளின் வெப்சைட்டைப் பார்த்து, ரூபாய்க்கு மாற்றி எழுதுவேன். கம்பேர் ஷீட் என்று பெயர் வைத்தேன். டாக்டர் பாராட்டினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் எழுதிய தாளை வைத்து நாலு பேர் முடிவு எடுக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

2. ஒரு பல் இடைவெளி

சுகந்தி நர்ஸ். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. பதினாறு நாளில் விமானம். மேல் வரிசையில் இடது கோரைப்பல்லுக்கு அடுத்த பல் இல்லை. ப்ளஸ் டூ படிக்கும்போது சொத்தையாகிப் பிடுங்கியது. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பல் வலிக்கு எல்லோருக்கும் அதே வைத்தியம்தான், பிடுங்கிவிடுவது. வலி கிடையாது. சிரித்தால் இடைவெளி தெரியும், அவ்வளவுதான்.

"தம்பி, இங்கிலாந்துல ஒரு பல்லு கட்ட எம்புட்டு சல்லி கேப்பாங்க?" என்றார் பரமேஸ்வரி.

"அம்மா, சல்லின்னு சொல்லாத. பணம்னு சொல்லு" என்று சுகந்தி பல்லைக் கடித்தாள்.

"ஏன், சல்லின்னு சொல்லிக் குடுத்தா இவங்க வாங்க மாட்டாங்களா?"

சல்லி என்பது இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் வார்த்தை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். நான் அதை முதல் தடவை கேட்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கோத்தகிரி பக்கம்."

"நாங்களும் அந்தப் பக்கம், கட்டபெட்டுதானே. கோத்தகிரி பக்கம்னா எங்க?"

"டவுன்தாம்மா."

எங்கள் வீடு டவுனில் இல்லை. கட்டபெட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, எஸ்டேட் லயத்தில்.

கேஸ் ஷீட்டில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். இப்போதைக்குக் கழற்றி மாட்டும் பல். ஒரு வருடம் கழித்து லீவில் வரும்போது இம்ப்ளான்ட். இம்ப்ளான்ட் என்றால் எலும்பில் திருகு வைத்து, மூன்று நான்கு மாதம் ஆறவிட்டு, பிறகு பல் பொருத்துவது. பதினாறு நாளில் முடியாது. மூன்றாவது வழி பிரிட்ஜ். இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களைத் தேய்த்துச் சிறியதாக்கி, மூன்று பல்லை ஒன்றாகச் செய்து மேலே ஒட்டிவிடுவது. அது வேண்டாம் என்று டாக்டர் எழுதவில்லை. ஆனால் அதை முதலில் எழுதவும் இல்லை.

கழற்றி மாட்டும் பல் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். மூன்று நாளில் கிடைத்துவிடும். அந்த வரியை நான் தாளில் எழுதவில்லை.

எனக்குக் கமிஷன் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் காரணம் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். உண்மைக் காரணம் வேறு. எங்கள் அப்பாவுக்கு முன்பல் ஒன்று கழற்றி மாட்டுவது. எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை செய்யும்போது சட்டைப் பையில் கிடக்கும்; கல்யாணத்துக்கும் போட்டோவுக்கும்தான் வாயில் ஏறும். நான் கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று கேன்டீனில் வடை வந்ததும், அப்பா எல்லோர் முன்னாலும் பல்லைக் கழற்றி, பஸ் டிக்கெட்டில் மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த நண்பனின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பனிடம், அவர் எங்கள் மாமா, அப்பாவுக்கு வர முடியவில்லை என்று சொன்னேன்.

சுகந்தி இங்கிலாந்தில் நாலு பேர் நடுவில் அப்படிக் கழற்றி வைப்பதை நினைத்துப் பார்த்தேன். நம் ஆள் ஒருத்தி இவ்வளவு தூரம் படித்துப் போகிறாள், அங்கேயும் லயத்து வாயோடு போக வேண்டுமா என்று தோன்றியது. அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

தாளில் இரண்டே வரி எழுதினேன். இம்ப்ளான்ட்: நேரம் போதாது. பிரிட்ஜ்: இங்கே பதினெட்டாயிரம், அங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

பரமேஸ்வரி தாளைக் கையில் வாங்கி மகளை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேற வழி எதுவும் இல்லியா தம்பி? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"சரி. தாள்ல இருக்கிறதுதானே கணக்கு. எங்கப்பா காலத்துல தாள்ல பேரு விட்டுப்போயி இந்தியாவுக்குக் கப்பல் ஏற முடியாம சிலோன்லயே நின்ன ஆளு இருக்கு." தாளை நாலாக மடித்து, மகளின் பாஸ்போர்ட் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

3. டாக்டர் கேட்டது

மறுநாள் காலையில் டாக்டர் வந்ததும் கேட்டார். அவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர்.

"ஏனுங்க தினேஷ், அந்த நர்ஸ் புள்ள பிரிட்ஜுன்னா சொல்லுது? கழட்டி மாட்டறதைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். வேண்டாம்னுட்டாங்க."

"வயசுப் புள்ள, வேண்டாம்னுதான் சொல்லும்" என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

உள்ளே சுகந்தியிடமும் கேட்டார். "நல்ல பல்லு ரெண்டைத் தேய்க்கோணும். தேய்ச்சா திரும்ப வராது. சம்மதந்தானுங்களா?" சுகந்தி தலையாட்டினாள். வேறு வழி இல்லை என்று நம்புகிறவள் வேறு என்ன செய்வாள்? நான் கதவோரம் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. தேய்க்கும் மெஷின் சத்தம் கேட்டதும் ரிசப்ஷனுக்கு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூர் லேபிலிருந்து பிரிட்ஜ் ஒன்பதாம் நாள் வந்தது. ஒட்டியதும் சுகந்தி கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தாள். "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம்.

4. "மறந்துட்டீங்களா?"

ஒன்பது மாதம் கழித்து சுகந்தியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. கோரைப்பல்லில் வலி, கன்னம் வீங்கியிருக்கிறது, அரசுப் பல் டாக்டர்கள் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொள்வதில்லை, தனியார் டாக்டர் ரூட் கெனால் செய்யச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். தேய்த்த பல்லின் நரம்பு சில சமயம் பிறகு செத்துப்போகும். டாக்டரிடம் காட்டினேன். உடனே செய்துகொள்ளச் சொன்னார். சொல்லிவிட்டு, "நல்ல பல்லுங்க அது" என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து பரமேஸ்வரி வந்தார். தலையில் மப்ளர், கையில் அந்தப் பிளாஸ்டிக் கவர். ரிசப்ஷனில் இன்னும் இரண்டு பேஷன்ட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, எங்க பக்கத்து வீட்டு மல்லிகா நேத்து பல்லைக் கழட்டிக் கையில வச்சுக் காட்டுறா. ரெண்டாயிரத்து இருநூறாம். இந்த ஆஸ்பத்திரிதானாம்." தாளைப் பிரித்து மேஜையில் வைத்தார். "எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைய வாசிக்கச் சொன்னேன். இதுல அது இல்லேங்குது. மறந்துட்டீங்களா?"

"ஆமாம்மா. மறந்துட்டேன்."

"சரி, மனுசன்னா மறதி இருக்கும்தானே." தாளை மடித்தார். "நான் மககிட்ட சொல்லிர்றேன். அவ டாக்டரம்மாவத்தான் வையிறா. சல்லிக்காக நல்ல பல்லத் தேச்சுட்டாங்கன்னு. பாவம், அந்தம்மா என்ன செய்யும்?"

அவர் வாசல் வரை போய்விட்டார்.

"அம்மா, நில்லுங்க. நான் மறக்கல. டாக்டர் அதைத்தான் முதல்ல எழுதியிருந்தாங்க. நான்தான் எழுதாம விட்டேன். டாக்டர் கேட்டப்பவும், நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு பொய் சொன்னேன்."

"ஏன் தம்பி?"

"கழட்டி மாட்டுறது அசிங்கமா இருக்கும்னு நெனச்சேன்."

"யாருக்கு?"

காத்திருந்த பேஷன்ட்கள் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நீங்க எந்த லயம்?" என்றார் பரமேஸ்வரி. எஸ்டேட் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன்.

"அவரு மகனா நீ?" நீங்க என்பது அந்த நிமிடம் நீ ஆகிவிட்டது. "டவுன்காரப் பையன், நம்ம கஷ்டம் தெரியாதுன்னு மன்னிச்சிருப்பேன். தெரிஞ்சே செஞ்சிருக்க. நான் கொழுந்து கிள்ளுற கையோட ஒன்னையத்தான் நம்பிக் கேட்டேன், வேற வழி இல்லியான்னு."

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பரமேஸ்வரியை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, என்னையும் கூப்பிட்டார்.

"அம்மா, பொய் சொன்னது இவருங்க. அதை நம்பி, கழட்டி மாட்டறது வேண்டாமான்னு உங்க புள்ளகிட்ட நானே வாய்விட்டுக் கேக்காம தேய்ச்சது நானுங்க. பிரிட்ஜுக்கு வாங்கின பதினெட்டாயிரத்தையும் திருப்பித் தர்றோம். பாதி நான், பாதி இவரு."

"வேண்டாம்னு சொன்னா என்னையப் பெரிய மனசுக்காரின்னு சொல்லிட்டு மறந்துருவீங்க. குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார் பரமேஸ்வரி. எண்ணிப் பார்த்துதான் வாங்கிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அன்று சுகந்திக்கு நடந்ததை முழுவதும் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீல டிக் காட்டியது. நான் கேட்டிருந்ததால் பில்லை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாள், ஒரு வார்த்தை இல்லாமல்.

5. புதிதாக வந்தவர்களுக்கு

இப்போது கம்பேர் ஷீட்டில் விலை குறைந்த வழிதான் முதல் வரி. அதற்கும் மேலே, 'இப்போது எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்று ஒரு வரி உண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், அங்கே போனபிறகு கெட்டுப்போனால் என்ன செலவு என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறோம். எழுதி முடித்ததும் டாக்டர், பேஷன்ட் முன்னாலேயே வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போடுவார்.

ஆனால் கட்டம் போடுவதால் மட்டும் இது சரியாகிவிடாது. நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு நாம் எழுதாதது உலகத்திலேயே இல்லாத பொருள். எது கௌரவம், எது அசிங்கம் என்று அவர்களுக்காக நாம் முடிவு செய்யக் கூடாது. நான் சுகந்தியின் இடைவெளியை மறைக்கவில்லை, என்னுடையதை மறைத்தேன். அதற்கு அவளுடைய நல்ல பல்லைக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. கூசட்டும் என்றுதான் பெயரைக் கீழே போடாமல், முதல் பக்கத்திலேயே டாக்டர் என்னை அழைத்தபடி எழுதியிருக்கிறேன்.

சுகந்தி அனுப்பிய பில்லில் எக்ஸ்ரேக்கும் அவசர ஆலோசனைக்கும் எண்பத்தைந்து பவுண்டு. ரூட் கெனாலுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு பவுண்டு. நாங்கள் திருப்பிக் கொடுத்த பதினெட்டாயிரத்தை இதில் கழிக்க முடியாது, அது பிரிட்ஜுக்கு வாங்கியது. பில் வந்த அன்றைய மாற்று விலையில், இரண்டாயிரத்து இருநூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஒரு பல்லுக்கு அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவு எழுபத்திரண்டாயிரத்து இருநூற்று இருபத்தைந்து ரூபாய்.